நெருக்கடிக் காலத்தில் நல்ல மாற்றம்: ஜவ்வாது மலையை முன்வைத்து

நெருக்கடி வந்தால் மனிதர்கள் மாறத்தான் செய்கிறார்கள். மழை பொய்த்தால் ஊரை விட்டு வேலைக்குப் போகிறார்கள். கடன் ஏறினால் தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போகின்றன. யாரோ ஒருவர் முன்பணம் நீட்டினால், என்ன வேலை என்று முழுதாகக் கேட்காமலே வண்டி ஏறுகிறவர்களும் உண்டு. ஆகவே துன்பக் காலத்தில் மாறுவது எப்படி என்று கேட்பதைவிட, எந்த மாற்றம் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும், எந்த மாற்றம் அதை மேலும் பள்ளத்தில் தள்ளும் என்று கேட்பது பயனுள்ளது. தன்னம்பிக்கை நூல்கள் பலவும் "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அது பாதி உண்மை. மற்றொரு பாதியைப் பார்க்க ஜவ்வாது மலை நல்ல இடம். ஒரே மலையில், ஒரே மக்களிடையே, ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு வகை மாற்றங்களும் அங்கே நடந்திருக்கின்றன.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சவ்வாது மலை என்றும் எழுதுவர். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. (திருப்பத்தூர் 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது, பழைய நூல்களில் அதை வேலூர் மாவட்டம் என்றே காண்பீர்கள்.) மலையின் முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். போளூர், செங்கம், ஆலங்காயம் ஆகியவை அடிவாரத்துச் சந்தை ஊர்கள். செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. வானியல் படிக்கும் மாணவர்களுக்கு இம்மலை வேறொரு வகையில் தெரிந்திருக்கும். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் இங்கேதான் உள்ளது.

இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். இந்தப் பெயரைப் பார்த்துக் கேரள மக்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. கொல்லிமலை, சேர்வராயன் மலை, சித்தேரி, கல்வராயன் மலை ஆகிய இடங்களிலும் மலையாளிகள் உண்டு. ஊர்களைச் சேர்த்து "நாடு" என்று அழைப்பது இவர்கள் வழக்கம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பெயர்களில் அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது.

சரிவு நிலத்தில் மழையை நம்பிச் சாமை விதைப்பது, காட்டிலிருந்து தேன், புளி, கடுக்காய், நெல்லிக்காய் சேகரிப்பது, ஆடு மாடு வளர்ப்பது என்று இவர்கள் பிழைப்பு நடந்தது. இந்த வருமானம் ஆண்டு முழுவதும் வராது. அறுவடைக்குப் பின் சில மாதம் கை நிறைந்திருக்கும். அதன் பிறகு வெறுங்கை. அந்த வெறுங்கை மாதங்களில்தான் மலைக்கு மேஸ்திரிகள் வருவார்கள்.

சந்தனமும் செம்மரமும்

ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூரில் உள்ள அரசு சந்தனக் கிடங்கு இந்த வளத்தின் அடையாளம். வனத்துறையின் வெட்டு ஒரு பக்கம், திருட்டு வெட்டு மறு பக்கம் என்று சந்தனம் குறைந்து போனது. மரம் குறைந்தாலும் மரம் வெட்டும் திறமை கையில் இருந்தது. அந்தத் திறமைக்கு விலை வைத்தது ஆந்திரத்துச் செம்மரம்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாக ஆந்திரத்தின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளில் வளரும் மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காடாக வளர்வதில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் அதற்குக் கிராக்கி அதிகம். பன்னாட்டு வணிகத்தில் கட்டுப்பாடும் உண்டு. கிராக்கியும் கட்டுப்பாடும் சேர்ந்தால் கள்ளச் சந்தை உருவாகும். அந்தச் சந்தையில் கோடிகள் பார்ப்பவர்கள் காட்டுக்குள் போவதில்லை. காட்டுக்குள் போய் வெட்டித் தோளில் சுமந்து வருபவர்கள் ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் மலைப் பகுதிக் கூலிகள். ஊரில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு கூலி சொல்லப்படும். முதலில் ஒரு முன்பணம் கையில் வைக்கப்படும். சிலரிடம் வேறு வேலை என்று சொல்லியே அழைத்துப் போவதும் உண்டு.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் இரண்டு இடங்களில் ஆந்திரச் சிறப்புக் காவல் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழ்நாட்டினர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலை ஊர்களுக்கும் உடல்கள் வந்தன. தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல் துறை கூறியது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கூறினார்கள்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் கீழ்நாட்டில் பலர் சொன்ன சொல் "பேராசை". எனக்கு அது ஒப்பவில்லை. பேராசைக்காரன் சுமை தூக்கப் போக மாட்டான். இறந்தவர்களும் தங்கள் வாழ்வில் ஒரு மாற்றத்தைத்தான் தேடிப் போனார்கள். உழைக்க அஞ்சாதவர்கள், புது இடத்துக்குத் துணிந்தவர்கள். தன்னம்பிக்கை நூல்கள் கேட்கும் குணங்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. இல்லாதது வேறு. முன்பணத்தை மறுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வீட்டில் ஒன்றும் இல்லை. போன பிறகு, வேண்டாம் என்று திரும்பி வரவும் வழி இல்லை.

கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு

கையில் ஒன்றும் இல்லாத நிலை மனிதரின் சிந்தனையை என்ன செய்கிறது என்பதைப் பற்றி உலகமே பேசிய ஓர் ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது. இது பலருக்குத் தெரியாது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தனர். ஆய்வு முடிவு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

கரும்பு விவசாயிக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ஆகவே அறுவடைக்கு முன் அவர் ஏழை. ஆலையில் பணம் வந்த பின் அதே மனிதர் ஓரளவு வசதியானவர். ஆலை எல்லோருடைய கரும்பையும் ஒரே வாரத்தில் வெட்டுவதில்லை என்பதால், பருவநிலையின் தாக்கத்தையும் பணத்தின் தாக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆய்வாளர்கள் ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான புதிர்களைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் அது 4 விழுக்காடாக இறங்கியது. புதிர்களில் அறுவடைக்கு முன் தடுமாறிய அதே ஆட்கள் அறுவடைக்குப் பின் நன்றாகச் செய்தார்கள்.

ஆள் மாறவில்லை, அறிவு கூடவில்லை. கடன்காரன், பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என்று மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு நின்றதும் அந்த இடம் சிந்திக்கக் கிடைத்தது. இதுவே ஆய்வாளர்களின் விளக்கம். இந்த ஆய்வின் புள்ளிவிவர முறை குறித்து மற்ற அறிஞர்கள் பின்னர் கேள்வி எழுப்பியதும் உண்டு. ஆயினும் வகுப்பறையில் நின்றவர்களுக்கு அதன் சாரம் புதிதல்ல. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு ஏறாது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. நெருக்கடியில் இருப்பவரிடம் "தொலைநோக்கோடு சிந்தி" என்று சொல்வது, தண்ணீரில் தத்தளிப்பவனிடம் நீச்சல் பாடம் நடத்துவது போன்றது. முதலில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அந்தப் பிடிமானம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுய உதவிக் குழுவில் எடுத்த சிறு கடன் மேஸ்திரியின் முன்பணத்தை மறுக்கப் போதுமானது. தமிழ்நாட்டில் அரசு வழியிலான மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கியது அண்டை மாவட்டமான தருமபுரியில்தான். அன்று அதைச் சேமிப்புத் திட்டம் என்று மட்டுமே பார்த்தோம்.

ரேஷன் அரிசியும் அப்படி ஒரு பிடிமானமே. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அது விலையில்லாமல் கிடைக்கிறது. ரேஷன் அரிசி வந்துதான் மலையில் சாமைச் சோறு குறைந்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பசி பயம் போன வீட்டில்தான் ஒரு பிள்ளையை மேலே படிக்க அனுப்பும் பேச்சே எழுகிறது. குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாமை

இனி நல்ல மாற்றத்துக்கு வருவோம். அது வெளியிலிருந்து வந்த புதுப் பயிரோ புதுத் தொழிலோ அல்ல. மலையில் எப்போதும் இருந்த சாமைதான்.

சாமை சின்னஞ்சிறு தானியம். ஆடி மாத வாக்கில் விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் வரும். மலையின் பழைய வகைகளில் சில அதற்கும் மேல் எடுக்கும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரமும் பெரிதாக வேண்டாம். கல்லும் மண்ணுமான சரிவிலும் விளையும். உமியோடு வைத்தால் ஆண்டுக் கணக்கில் கெடாது. ஆகவே மலைக் குடும்பத்துக்குக் குதிரில் இருந்த சாமை ஒரு வங்கிக் கணக்கு மாதிரி.

இத்தனை நல்ல பயிர் ஏன் கைவிடப்பட்டது? உமிதான் காரணம். சாமையின் உமி அரிசியோடு இறுக ஒட்டியிருக்கும். அதை உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் பெண்களின் இடுப்பு ஒடிந்துவிடும். சாமை சத்தானது என்று எழுதுபவர்கள் பலர் உலக்கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். ரேஷன் அரிசி வந்ததும் மலைப் பெண்கள் உலக்கையைக் கீழே வைத்ததை நான் குறையாகவே நினைக்கவில்லை.

வீட்டில் உண்ணாத சாமை விற்பனைக்குப் போனது. குத்த வழியில்லாததால் உமியோடு போனது. அடிவாரத்து வியாபாரி மூட்டையாக வாங்கி, கீழ்நாட்டு அரைவை ஆலைகளுக்கு அனுப்புவார். அங்கே கல் நீக்கி, உமி நீக்கி, பொட்டலம் கட்டி, நகரக் கடைகளில் சாமை அரிசியாக விற்கப்படும். உமி நீங்கிய அந்த ஒரு படியில்தான் விலை தாவி ஏறுகிறது. விதைத்தவர், களை எடுத்தவர், காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர் யாருக்கும் அந்த ஏற்றத்தில் பங்கில்லை. அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் கைமாற்று வாங்கியிருந்தால் விலை பேசவும் வாய் வராது.

மலையடிவார ஊர் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, மலைப் பிள்ளைகள் சிலர் தூக்குப் பாத்திரத்தின் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சாமைச் சோறு இருக்கும். வெள்ளைச் சோறு கொண்டுவரும் பிள்ளைகள் முன் அது கௌரவக் குறைச்சல். பின்னர் நகரத்தில் நீரிழிவு பெருகியதும் அதே சாமை மருத்துவர்கள் வாயில் நல்ல பெயர் வாங்கியது. இந்திய அரசு 2018ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இந்தியா முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. மலை மாறவில்லை, மலையை வாங்கும் சந்தை மாறியது. அந்த மாற்றத்தின் பலன் யார் கைக்குப் போவது என்பதுதான் சிக்கல்.

இங்கே உதவியவை இரண்டு. ஒன்று இயந்திரம், மற்றொன்று சட்டம்.

உமி நீக்கும் இயந்திரம், கல் நீக்கும் இயந்திரம், தரம் பிரிக்கும் சல்லடை ஆகிய மூன்றும் மலைமேலேயே இருந்தால் சாமை அரிசியாகவே கீழே இறங்கும். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. உமி நீங்கிய சாமை அரிசியில் தவிடு இருக்கும், தவிட்டில் எண்ணெய் இருக்கும். நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே விளைந்ததை எல்லாம் ஒரேயடியாக அரைத்து அடுக்கிவிட முடியாது. உமியோடு சேமித்து வைத்து, வாங்குபவர் கேட்கும் அளவுக்கு அவ்வப்போது அரைத்து அனுப்ப வேண்டும். அதற்குக் கிடங்கு வேண்டும், காத்திருக்கும் காலத்தில் விவசாயிக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். தனி ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா இது?

இதற்குத்தான் சட்டம். 2002இல் இந்திய நிறுமச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புது வகை சேர்க்கப்பட்டது. பொருளியலாளர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரை அதன் அடிப்படை. 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். உற்பத்தி செய்பவர் மட்டுமே பங்குதாரர் ஆகலாம். தனி நபர்களே உறுப்பினராக இருக்கும் நிறுவனத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பணம் படைத்தவர் மொத்தமாக வாங்கிவிட முடியாதபடி அமைந்த ஏற்பாடு இது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு நாடு முழுவதும் இத்தகைய 10,000 அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

ஜமுனாமரத்தூரில் ஜவ்வாது மலைப் பழங்குடியினர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இந்த முறையில் செயல்படுகிறது. மலையில் விளையும் சாமையை வாங்கி அரிசியாக்கி விற்பது, புளியைக் கொட்டை நீக்கிப் பொட்டலமாக்குவது, தேன் விற்பது ஆகியவை அதன் வேலைகள். பணியில் மலைப் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். முன்பு உலக்கையோடு நின்றவர்கள் இப்போது எடைத் தராசோடும் இரசீதுப் புத்தகத்தோடும் நிற்கிறார்கள். மலையில் பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கமும் முன்பிருந்தே உண்டு. அடிவாரத்தில், திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கு உருவான 'அத்தியந்தல் 1' சாமை 2019இல் வெளியிடப்பட்டது.

இதே மக்கள் வாழும் கொல்லிமலையில் இதற்கு முன்பே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே மரவள்ளிக் கிழங்கு பணப்பயிராக வந்து சிறுதானிய நிலங்களைப் பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக் குடும்பங்களோடு சேர்ந்து விதை சேமிப்பு, சிறு அரைவை இயந்திரங்கள், மதிப்புக் கூட்டிய பொருள்கள் என்று பல ஆண்டுகள் வேலை செய்தது. "பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்று சொற்பொழிவு ஆற்றியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரைவை இயந்திரம் ஊருக்குள் வந்து இடுப்பு வலியைக் குறைத்தது. சாமையும் தினையும் மெல்ல அடுப்புக்குத் திரும்பின.

நெருக்கடிக் காலத்தில் விவசாயிகள் எப்படி மாறுகிறார்கள் என்பதற்குக் கடல் கடந்தும் ஒரு பழைய சான்று இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 முதல் வீரிய மக்காச்சோள விதை பரவியது. அந்தக் காலத்தின் பெரும்பகுதி அங்கே பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் அந்த விவசாயிகளை ஆராய்ந்து 1943இல் எழுதினார்கள். புது விதை நல்ல விளைச்சல் தரும் என்று கேள்விப்பட்டவுடன் யாரும் நிலம் முழுவதும் விதைத்துவிடவில்லை. முதலில் ஒரு மூலையில் கொஞ்சம். மறு வருடம் இன்னும் கொஞ்சம். பக்கத்துக் காட்டுக்காரர் எப்படி எடுத்தார் என்று வேலியோரம் நின்று பார்ப்பார்கள். இப்படிப் பல ஆண்டுகள் ஆன பின்புதான் முழு நிலமும் மாறியது. இது மந்தபுத்தி அல்ல. தோற்றால் தாங்கும் அளவுக்கு மட்டும் துணிவது ஏழை உழவனின் விவேகம்.

சாமையில் நடந்ததும் அவ்வளவே. பயிரை மாற்றவில்லை, நிலத்தை விடவில்லை. விற்கும் முறையில் ஒரு படியை மட்டும் மாற்றினார்கள். ஐந்து மூட்டையில் ஒரு மூட்டையை நிறுவனத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மீதியைப் பழைய வியாபாரிக்கே போடலாம். செம்மர வண்டியில் ஏறியவருக்கு இப்படிக் கொஞ்சம் செய்து பார்க்கும் வாய்ப்பு கிடையாது. ஏறினால் முழுவதுமாக ஏற வேண்டும்.

ஒரு தேர்வு

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ஸ்ரீபதி என்ற 23 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதின. ஜவ்வாது மலையில் உள்ள புலியூரைச் சேர்ந்தவர், மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்று, மாநிலத்தில் அந்தப் பணிக்குத் தேர்வான முதல் பழங்குடிப் பெண் ஆனார். 2023 நவம்பரில் முதன்மைத் தேர்வு நடந்தபோது அவருக்குக் குழந்தை பிறந்து இரண்டே நாள். 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தார்.

எல்லோரும் அந்தக் கார்ப் பயணத்தையே பெரிதாகப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்தவற்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர், திருமணத்துக்குப் பிறகும் படிப்பை நிறுத்தாத குடும்பம், பச்சை உடம்போடு இருந்தவரைப் பத்திரமாக அழைத்துப் போன உறவினர் இருந்தார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடும், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. அவருடைய துணிவை இவை குறைத்துவிடவில்லை. துணிவு இருந்தும் இவை எதுவும் இல்லாததால் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று மலைப் பள்ளி ஆசிரியர் எவரைக் கேட்டாலும் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்.

சாதிச் சான்றிதழ் என்ற ஒரு தாள் இதில் எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையாளிகள் எல்லா மாவட்டங்களிலும் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பழைய வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டுமே பட்டியலில் உண்டு. ஜவ்வாது மலை வடஆர்க்காட்டில் இருந்ததால் அங்குள்ளவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்குப் பட்டியலில் இடம் இல்லை. ஆகவே பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே இந்தத் தாளுக்கு விண்ணப்பிக்க வைப்பது ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பதில் பயனில்லை.

இன்னும் முடியாதவை

இதையெல்லாம் படித்து ஜவ்வாது மலையில் நெருக்கடி தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பா அம்மா போகும்போது சில பிள்ளைகள் பாட்டியிடம் தங்குகிறார்கள், சிலர் கூடவே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி பெரிய துணை. விடுதி நன்றாக நடக்கும் இடத்தில் இடைநிற்றல் குறைகிறது.

வன உரிமைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. காட்டில் பல தலைமுறையாக உழுதுவரும் நிலத்துக்கும், சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்பதற்கும் அது உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத் தடை காரணமாகப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தத் தடையை நீக்கிய பின்புதான் வேலை நகர்ந்தது. பட்டா இல்லாத நிலத்தை வைத்து வங்கியில் பயிர்க்கடன் கேட்க முடியாது. வங்கி இல்லாத இடத்தில் வியாபாரியின் கைமாற்று மறுபடி நுழையும்.

சாமைக்கு விலையும் உறுதியில்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை உண்டு. சாமை அதில் சேர்க்கப்படவில்லை. சத்தீஸ்கர் மாநில அரசு தன் பொறுப்பில் சாமைக்கும் வரகுக்கும் விலை அறிவித்துப் பழங்குடி விவசாயிகளிடம் கொள்முதல் செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. மலை ஊர்களின் சத்துணவுக்கும் விடுதிச் சமையலுக்கும் அந்த மலையிலேயே விளைந்த சாமையை வாங்கினால், நகரக் கடையின் கிராக்கி ஏறினாலும் இறங்கினாலும் உழவருக்கு ஒரு நிலையான வாடிக்கை கிடைக்கும். மலைப் பிள்ளைகளின் தட்டிலும் அது திறந்த சோறாக வரும்.